காலை நீச்சலின் பலன் முந்தின இரவே முடிவாகிவிடுகிறது

தமிழ்நாட்டில் பொது நீச்சல் குளங்களை நடத்திவரும் மாநகராட்சி, நகராட்சி, விளையாட்டுத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

பங்குனி பிறந்ததும் குளத்து வாசல்களில் புதுப் பலகை வந்துவிடும். ‘காலை நீச்சல் உடல்நலத்துக்கு நல்லது, இன்றே சேருங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி, அதன்கீழ் பேட்ச் நேரமும் கட்டணமும். அந்த முதல் வரி உண்மைதானா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி தருபவர்கள், கரையில் காவல் நிற்பவர்கள், தண்ணீரை வடிகட்டும் பில்டர் அறையில் வேலை பார்ப்பவர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து சொல்லும் பதில்: உண்மைதான், ஆனால் பாதி. மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு இறங்குகிறவருக்கு நல்லது நடக்குமா, கண்ணெரிச்சலும் காதுவலியும் மிஞ்சுமா என்பது முந்தின இரவு ஒன்பது மணிக்குப் பம்பை நிறுத்தினார்களா, ஓடவிட்டார்களா என்பதில் தொடங்குகிறது.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடுகிறோம். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவரின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் காலில் இறங்கும், இடுப்பளவில் பாதி. முழங்கால் தேய்ந்தவரும் எடை கூடியவரும் மூட்டை நோகவிடாமல் மூச்சு வாங்க உழைப்பதற்கு இதைவிடத் தோதான இடம் குறைவு. 60 கிலோ எடையுள்ளவர் நிதானமாக ஃப்ரீஸ்டைல் நீந்தினால் அரை மணியில் 170, 180 கிலோ கலோரி செலவாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களிடம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு கேட்கிறது. அரை மணி வீதம் ஐந்து நாள் நீந்தினால் அதன் கீழ்வரம்பு எட்டிவிடும். குளத்துக்குள் ஒரு மணி நேரம் இருப்பதும் அரை மணி நீந்துவதும் வேறு வேறு. கம்பியைப் பிடித்தபடி அரசியல் பேசும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

நீச்சல் செய்யாத வேலையும் ஒன்று உண்டு. எடை காலில் இறங்காததால் எலும்பு வலுப்பட அது போதாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நடையோ, படியேற்றமோ, எடைப் பயிற்சியோ கூடவே வேண்டும். பலகையில் இதையும் ஒரு வரி எழுதினால் என்ன?

‘காலை’ என்ற சொல்லுக்கு வருவோம். வெறும் வயிற்றில் விடியற்காலை நீந்தினால் கொழுப்பு கரையும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. அந்த ஒரு மணி நேரத்தில் உடல் சற்றுக் கூடுதலாகக் கொழுப்பை எரிக்கலாம். ஆனால் சாப்பாட்டின் அளவு மாறாதவரை எடையில் அது பெரிதாகத் தெரியாது. வேகத்தைக் கேட்டால் காலை சற்றுப் பின்தங்கியே நிற்கும்: உடல் வெப்பம் விடியலில் தாழ்ந்து, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்கு வரும், தசையும் அப்போதுதான் நன்றாக இளகும்.

அப்படியென்றால் காலைக்கு என்ன சிறப்பு? பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை அடிக்கும் வெயில் தோலைப் பதம் பார்க்கும். எட்டு மணிக்குள் முடித்தால் தப்பலாம். மாலை பேட்ச்சை அலுவலக வேலை, கல்யாணம், மழை என்று எது வேண்டுமானாலும் தட்டிவிடும், காலையைத் தட்டிவிடும் காரணங்கள் குறைவு. உடற்பயிற்சியில் விடாமல் வருவதுதான் பாதி வெற்றி. மூன்றாவது காரணம்தான் இந்த மடலுக்கு முக்கியம். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் நாள் முழுவதிலும் தண்ணீர் மிகச் சுத்தமாக இருப்பது காலையில்தான். மோசமாகப் பராமரிக்கும் குளத்தில் அதே காலையில்தான் அது மிக மோசமாக இருக்கும்.

25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 4.7 லட்சம் லிட்டர். இதை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பில்டர் வழியாகச் சுற்றவிட மணிக்கு 78,000 லிட்டர் தள்ளும் பம்ப் வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் எல்லாத் தண்ணீரும் வடிகட்டியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வடிகட்டிய தண்ணீர் திரும்பக் குளத்திலேயே கலப்பதால், முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் பில்டரைப் பார்த்திருக்கும். இரண்டு சுற்றில் 86 சதவீதம், மூன்றில் 95. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவு ஒன்பதுக்கு நிறுத்தி காலை ஐந்தரைக்குப் போட்டால் எட்டரை மணி நேரம் தண்ணீர் செத்துக் கிடக்கிறது. அழுக்கு தரையில் படிகிறது, மூலைகளில் குளோரின் தீர்ந்துபோகிறது. முதல் பேட்ச் இறங்கிக் கால்களை உதைத்ததும் படிந்ததெல்லாம் மேலே எழும்பும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைப் பார்த்து ‘கண்ணாடி மாதிரி இருக்கு’ என்று சொல்லி இறங்குபவர்களும் இந்த முதல் பேட்ச்காரர்கள்தான்.

குளோரின் போடும் நேரமும் இதே கதைதான். வெயிலில் சிதையாமல் காக்கும் நிலைப்படுத்தி கலக்காத குளோரின் நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். இரவில் அந்த இழப்பு கிடையாது. ஆகவே கடைசி பேட்ச் ஏறியதும் போட்டு, பம்பை விடியும்வரை ஓடவிட்டால் மருந்தும் மிச்சம், காலையில் எல்லா மூலையிலும் அளவு ஒன்றாக இருக்கும். நடப்பது பல இடங்களில் நேர்மாறு. ஐந்தே முக்காலுக்கு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கரையோரமாக வீசுவார்கள், ஆறு மணிக்குக் கதவைத் திறப்பார்கள். ஓரத்தில் கம்பி பிடித்துக் கற்றுக்கொள்ளும் குழந்தைகள் அந்த வெண்மேகத்துக்குள் நிற்பார்கள், நடுவில் நீந்துபவருக்கு எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

அளவு இதுதான். மேலே சொன்ன குளத்தில் குளோரினை 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 470 கிராம் சுத்தக் குளோரின் தேவை. 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையென்றால் ஏறக்குறைய 720 கிராம், புதிதாக வந்த 33 சதவீத பிளீச்சிங் பவுடரென்றால் 1.4 கிலோ, 10 சதவீதத் திரவமென்றால் 4.7 லிட்டர். ‘புதிதாக வந்த’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஈரக்காற்றில் மூட்டை திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடரின் சத்து வாரத்துக்கு வாரம் இறங்கும். அதே ஒன்றரைக் கிலோவைப் போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. டெண்டரில் எத்தனை மூட்டை என்று எழுதுவதோடு நிறுத்தாமல் தயாரிப்புத் தேதியையும் குளோரின் சதவீதத்தையும் கேளுங்கள்.

சிக்கல் இல்லாததுபோல் தோன்றும் ஒரு பொருள், 90 சதவீதக் குளோரின் உள்ள டிசிசிஏ (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) மாத்திரை. கையாளச் சுலபம், மெதுவாகக் கரையும். ஆனால் அது 10 பிபிஎம் குளோரின் தரும்போது கூடவே மேலே சொன்ன நிலைப்படுத்தியான சயனூரிக் அமிலத்தையும் 6 பிபிஎம் தண்ணீரில் விட்டுவிடுகிறது. குளோரின் செலவாகும், இந்த அமிலம் செலவாகாது. தினம் 2 பிபிஎம் வீதம் மாத்திரை போட்டால் மாதத்துக்கு 36 பிபிஎம் சேரும். மூன்றே மாதத்தில் 100ஐத் தாண்டும். 30 முதல் 50 வரை இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் அதே அமிலம், 100க்கு மேல் போனால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். சோதனையில் 2 என்று காட்டும், கிருமி மட்டும் சாகத் தாமதமாகும். தண்ணீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர நடைமுறையில் இதற்கு வேறு வழியில்லை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் அது எவ்வளவு கசக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடச் சேரக் கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அமிலமும் குளோரின் மருந்தும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது பம்ப் ஓடட்டும். எப்போதும் வாளித் தண்ணீரில்தான் மருந்தைக் கொட்ட வேண்டும், மருந்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரே அறையில், ஒரே தட்டில் இரண்டையும் அடுக்கி வைத்திருக்கும் குளங்கள் இருக்கின்றன. இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

காலைச் சோதனையை ஐந்தேகாலுக்கு முடித்துவிட வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் துளைக்குப் பக்கத்தில் எடுக்காமல், முழங்கை மூழ்கும் ஆழத்தில், ஆழப் பகுதியில் ஒன்று, ஆழமில்லாப் பகுதியில் ஒன்று என இரண்டு மாதிரி எடுக்க வேண்டும். பல குளங்களில் மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்துதான் வைத்திருக்கிறார்கள். அது மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரின் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. டிபிடி எனும் சோதனை மாத்திரை வாங்குங்கள். 1ஆம் எண் மாத்திரை வேலை செய்யும் தனிக் குளோரினைக் காட்டும், அதே மாதிரியில் 3ஆம் எண்ணைப் போட்டால் மொத்தம் தெரியும், கழித்தால் கெட்டுப்போனது எவ்வளவு என்பது வந்துவிடும். தனிக் குளோரின் 1க்குக் கீழே போகக் கூடாது, சயனூரிக் அமிலம் உள்ள குளத்தில் 2க்குக் கீழே. கெட்டுப்போனது 0.4க்குள் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: குளோரின் 10க்கு மேல் எகிறியிருந்தால் டிபிடியின் இளஞ்சிவப்பு ஒரு நொடி மின்னிவிட்டு வெளுத்துப்போகும். குளோரினே இல்லை என்று நினைத்து இன்னும் இரண்டு கிலோ கொட்டியவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மாதிரியில் நாலு பங்கு நல்ல தண்ணீர் கலந்து மறுபடி சோதித்து, வந்ததை ஐந்தால் பெருக்கிப் பார்க்கலாம். கலக்கும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது.

இங்கேதான் பொதுமக்களும், மன்னிக்க வேண்டும், சில அலுவலர்களும் தலைகீழாகப் புரிந்துகொண்ட விஷயம் வருகிறது. கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கிறது, ‘குளோரின் அதிகமாயிடுச்சு’ என்று புகார் வரும். உடனே குளோரினைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வரும். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் அந்த நெடி அநேகமாக இருக்காது. மூக்கைத் துளைப்பது குளோரமைன் எனும் கெட்டுப்போன குளோரின். அது சேர்ந்திருப்பது பெரும்பாலும் நல்ல குளோரின் போதவில்லை என்பதற்கு அடையாளம். குறைத்தால் இன்னும் மோசமாகும். கெட்டுப்போனது 0.6 என்றால் அதன் பத்து மடங்காகிய 6 பிபிஎம் அளவுக்கு ஒரே தடவையாக இரவில் போட்டு உடைக்க வேண்டும். நம் கணக்குக் குளத்துக்கு அது 4.3 கிலோ குருணை. தனிக் குளோரின் 3, 4க்கு இறங்கிய பிறகே ஆட்களை விடலாம். கூரை போட்ட குளமென்றால் இந்த வாயு நீந்துபவர் மூச்சிழுக்கும் உயரத்திலேயே தண்ணீர்மேல் படுத்திருக்கும். இரவெல்லாம் சாத்தியிருந்த கதவு, ஜன்னல்களை முதல் பேட்ச்சுக்கு அரை மணி முன்பே திறந்து, காற்றாடியைப் போட வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஈரமான வெதுவெதுப்புக் காற்று நல்லது என்று மருத்துவர் அனுப்பியிருப்பார். இந்தக் காற்று அதைக் கெடுத்துவிடும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பலர் எழுதுவதற்காக எழுதுகிறார்கள். 7.5இல் போட்ட குளோரினில் பாதி சுறுசுறுப்பாக வேலை செய்யும், 8இல் கால் பங்குகூடத் தேறாது. கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் பிளீச்சிங் பவுடரும் பிஎச்சை உயர்த்துபவை, மாத்திரை இறக்குவது. 7.2க்கும் 7.6க்கும் நடுவே பிடித்து வைத்தால் மருந்துச் செலவே குறையும். போர்வெல் தண்ணீர் விடும் குளங்களுக்கு இன்னொரு தொல்லை: இரும்புச் சத்து இருந்தால் குளோரின் பட்டதும் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். அது அழுக்கில்லைதான், ஆனால் தரை தெரியாது. தரை தெரியாத குளத்தைத் திறக்கவே கூடாது. ஆழமான இடத்தில் உள்ள வடிகால் மூடியின் சட்டங்கள் கரையிலிருந்து பார்த்தால் பிரித்துத் தெரிய வேண்டும். எந்தக் கருவியும் கேட்காத சோதனை இது.

அடுத்தது எண்ணெய். தலைமுடி கெட்டுவிடுமென்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு காலை பேட்ச்சுக்கு வருவது நம் வீடுகளின் வழக்கம். முடிக்கு அது கொஞ்சம் உதவும், பில்டருக்கு அது விஷம். எண்ணெய் பில்டரில் உள்ள மணலில் ஒட்டி, மணல் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும்; தண்ணீர் அந்த உருண்டைகளைச் சுற்றிக்கொண்டு வடிகட்டாமலே போய்விடும். பிரஷர் கேஜ் சுத்தமான நிலையைவிட 0.5 பார் ஏறியதும், தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு மணலைக் கழுவும் பேக்வாஷ் செய்ய வேண்டும், பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை, இரண்டு மூன்று நிமிடம். எண்ணெய் கட்டிய மணலில் கேஜ் ஏறாமலேகூட இருக்கும், தண்ணீர்தான் மங்கிக்கொண்டே போகும். முடிக்கு மாற்று வழி இருக்கிறது: குளத்தில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனைத்து, கேப் போட வேண்டும். நனைந்த முடி குளத்துத் தண்ணீரை அதிகம் குடிக்காது.

நல்ல தண்ணீரில் ஒரு நிமிடம் தேய்த்துக் குளித்துவிட்டு இறங்கினாலே உடம்பிலிருந்து போகும் வியர்வை, விபூதி, மஞ்சள், கிரீம் எல்லாம் பெருமளவு குறையும். கூழானாலும் குளித்துக் குடி என்ற ஊரில், குளத்துக்கும் குளித்துவிட்டு வா என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஷவர் இருக்கிறது, தண்ணீர் வராது. வந்தால் கைப்பிடி இருக்காது. நாற்பது பேருக்கு நாலு ஷவராவது ஓட வேண்டும். கழிவறைக்குப் போய்வரச் சொல்வது கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை. தண்ணீரின் அழுத்தத்தில் கைகால் ரத்தம் மார்புப் பக்கம் ஏறும், உடல் நீர் கூடிவிட்டதாக எண்ணிச் சிறுநீரைக் கூடுதலாகச் சுரக்கும். யாராக இருந்தாலும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முட்டிக்கொண்டு வரும். அந்தச் சிறுநீர்தான் மேலே சொன்ன நெடியின் மூலப்பொருள்.

வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகாதவரைக் குளத்தில் விடக் கூடாது. குளோரின் சரியாக இருந்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில நிமிடங்களில் சாகும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் அதே தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். குழந்தை குளத்தில் கட்டியாக மலம் கழித்துவிட்டால் ஆட்களைக் கரையேற்றி, வலையில் அள்ளி, பிஎச் 7.5க்கு மிகாமல் குளோரின் 2 பிபிஎம்மில் அரை மணி நிறுத்தினால் திறக்கலாம். தண்ணீராகப் போயிருந்தால் 20 பிபிஎம்மில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். அன்றைய எல்லா பேட்ச்சும் ரத்து. சயனூரிக் அமிலம் இருந்தால் இதைவிடக் கூடும். இதற்கு எழுத்தில் உத்தரவு இல்லாததால்தான் ஊழியர் அள்ளிப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் பேட்ச்சைத் தொடர்கிறார்.

‘கெமிக்கல் இல்லாத இயற்கைத் தண்ணீர்’ என்று விளம்பரம் செய்யும் தனியார் குளங்களுக்கும் நீங்கள்தான் அனுமதி தருகிறீர்கள். 2024இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலில் சிறுவர்கள் இறந்ததை மறந்துவிட வேண்டாம். வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் அந்த அமீபா, மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறும்போதுதான் மூளைக்குப் போகிறது. அளவு குறையாமல் குளோரின் நிற்கும் தண்ணீரில் அது பிழைக்காது.

தண்ணீர் சரி. இனி அதில் இறங்கும் ஆட்கள். மாரடைப்பு காலை ஆறு மணியிலிருந்து நண்பகல் வரையிலான நேரத்தில் கூடுதலாக வருவது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தது. விழித்தெழும்போது ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் உறையும் தன்மையும் கூடும். மார்பளவு தண்ணீரில் இறங்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் இன்னும் கூடும். இதற்காக இதய நோயாளிகளைக் காலையில் விடாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விசில் ஊதியதும் டைவ் அடித்து 50 மீட்டர் பாயும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்கிறோம். கரையில் ஆறேழு நிமிடம் தோள், இடுப்பு, கணுக்கால் சுழற்சி. பிறகு இடுப்பளவு தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நடை. பிறகு 25 மீட்டர் நிதானமாக நாலு தடவை, நடுவில் அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம் ஓய்வு. நாற்பது வயதுக்கு மேல் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரம் மொத்தமே 200, 300 மீட்டர் போதும், வாரம் மூன்று நாள். ஓய்வில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அளவு. கைக்கடிகாரத்தின் நாடித்துடிப்பை நம்பி விரட்டக் கூடாது. தண்ணீரில் துடிப்பு கரையைவிட நிமிடத்துக்குப் பத்து வரை குறைவாகக் காட்டும், கரைக் கணக்கை எட்டப் பார்த்தால் அளவு மீறிவிடும். ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர், வலிப்பு உள்ளவர், செவிப்பறையில் துளை உள்ளவர் மருத்துவர் எழுதித் தந்த பிறகே சேர வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் காலை பேட்ச்சில் அவர்கள்தான் அதிகம். இன்சுலின் அல்லது சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் வந்து நீந்தினால், தாழ்சர்க்கரை மயக்கம் தண்ணீருக்குள் வரும். தரையில் வந்தால் மயக்கம், தண்ணீரில் வந்தால் மூழ்கல். இறங்குமுன் குத்திப் பார்த்து 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு நடுத்தர வாழைப்பழம், சாப்பிட்டுக் கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று நீச்சல் வேண்டாம். கரையில் ஒரு குளுக்கோமீட்டரும் சர்க்கரைப் பொட்டலமும் வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு டிசிசிஏ வாளியின் விலைகூட வராது. மற்றவர்கள் பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டு வரலாம். நாலு இட்லி சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து இறங்கட்டும். சாப்பிட்டு நீந்தினால் தசை பிடித்து மூழ்குவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் வாந்தி எடுத்தால் குளத்தை மூட வேண்டியிருக்கும்.

பிள்ளைகளின் பேட்ச்சை ஐந்தரைக்கு வைப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்பதுக்குக் குறையக் கூடாது. ஐந்தரை பேட்ச்சுக்கு நாலேமுக்காலுக்கு எழ வேண்டும். இரவு எட்டேமுக்காலுக்குப் படுத்தால்தான் எட்டு மணி நேரமே தேறும். டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீடு திரும்பும் பிள்ளை எங்கே படுப்பது? வளரிளம் பருவத்தில் தூக்கம் வரும் நேரமே பின்னால் தள்ளிப்போகும், சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. தூக்கத்தைத் திருடி நீச்சலுக்குக் கொடுத்தால் உடல்நலக் கணக்கில் நட்டம்தான். முதல் பேட்ச் பெரியவர்களுக்கு, பிள்ளைகளுக்குக் கோடையில் ஏழு மணி, பள்ளி நாட்களில் மாலை. மார்கழி, தை விடியலில் திறந்தவெளிக் குளத்துத் தண்ணீர் 25 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சின்னப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உதடு நடுங்குவார்கள். போட்டிக் குளங்களுக்கே 25 முதல் 28 பாகைதான் அளவு, கற்றுக்கொள்பவர்களுக்கு அதைவிடச் சற்றுச் சூடு தேவை. ஒரு வெப்பமானிகூட இல்லாத குளங்கள் இருக்கின்றன.

சென்னையில் ஜூன் தொடக்கத்தில் ஐந்தேமுக்காலுக்குள் சூரியன் உதித்துவிடும், ஜனவரிக் கடைசியில் ஆறரைக்கு மேல் ஆகும். ஒரே ஐந்தரை மணி பேட்ச் ஒரு பருவத்தில் வெளிச்சத்திலும் இன்னொரு பருவத்தில் இருட்டிலும் நடக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே நேரப்பட்டியல் போடாதீர்கள். போட்டால் தரைவரை தெரியும் விளக்கு போடுங்கள். வெளிச்சம் வந்த பிறகு வேறு தொல்லை. தாழ்ந்த காலை வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்போது கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கும் உயிர்காப்பாளருக்குத் தண்ணீர் வெறும் தகடாகத் தெரியும், அடியில் கிடப்பவர் தெரியமாட்டார். அவர் நாற்காலியைக் காலையில் கிழக்குக் கரையில், முதுகில் வெயில் படும்படி போட வேண்டும். மாலையில் மேற்குக் கரைக்கு மாற்ற வேண்டும். பல குளங்களில் அது சிமெண்டில் பதித்த நாற்காலி.

உயிர்காப்பாளரை ரசீது எழுதவும் கேப் விற்கவும் அனுப்பாதீர்கள். மூழ்குபவர் கத்துவதில்லை, கையாட்டுவதில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்க, செங்குத்தாக நின்றபடி அடங்கிப்போவார். பத்து நொடியில் கண்டு, இருபது நொடியில் எட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அளவுகோல். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றாவிட்டால் கண் விழித்திருக்கும், கவனம் இருக்காது. ஒருவருக்கு 3 சதுர மீட்டர் என்று பார்த்தால் 312 சதுர மீட்டர் குளத்தில் நூறு பேர் நிற்கலாம். கற்றுக்கொள்பவர்கள் என்றால் அதில் பாதியே எங்களுக்கு அதிகம். ‘ஒரே மூச்சில் 25 மீட்டர்’ பந்தயத்தை எழுத்தில் தடை செய்யுங்கள். வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டு மூழ்கினால் கரியமில வாயு குறைந்து, மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் வருமுன்பே நினைவு தப்பும். நன்றாக நீந்தும் இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில்கூடச் சாவது இப்படித்தான்.

வெளியே எடுத்தவுடன் தலைகீழாகத் தூக்குவது, சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் உயிர்போகும் நிமிடங்களைத் தின்னும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதல், இரண்டு முதல் ஐந்து வரை. பிறகு மார்பில் 30 அழுத்தம், 2 ஊதல், 108 வரும்வரை. மூழ்கியவருக்குக் குறைந்துபோனது ஆக்சிஜன், அதனால்தான் ஊதல் முன்னே வருகிறது. இதைக் கரையில் நிற்பவர் மட்டும் கற்றால் போதாது, டிக்கெட் கொடுப்பவரும் கற்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

நாங்கள் கேட்பவை அதிகமில்லை. இரவு பம்ப் ஓடுவதற்கான மின்செலவை வரவுசெலவில் தனி வரியாக ஒதுக்குங்கள். டிபிடி கிட் வாங்குங்கள். ஷவரைப் பழுது பாருங்கள். வாசலில் கட்டண விவரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை மாட்டி, தினமும் ஐந்தரைக்குள் தனிக் குளோரின், கெட்டுப்போன குளோரின், பிஎச், தண்ணீர் வெப்பம், சோதித்தவர் கையெழுத்து ஆகியவற்றை எழுத வையுங்கள். அளவு தவறினாலும் தரை தெரியாவிட்டாலும் அந்த பேட்ச்சை ரத்து செய்யும் அதிகாரத்தை அங்கே பணியில் இருப்பவருக்கு எழுத்தில் கொடுங்கள். இப்போது அவர் மேலதிகாரியைத் தொலைபேசியில் தேட வேண்டியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு யாரும் எடுப்பதில்லை. வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர் கதவைத் திறந்துவிடுகிறார்.

இப்படிக்கு,
பொதுக் குளங்களில் பணியாற்றும்
நீச்சல் பயிற்றுநர்கள், உயிர்காப்பாளர்கள், பில்டர் அறைப் பணியாளர்கள்